அரிசிப் பானைக்கு அடங்காத பழம்

செனாவாங்கில் ஸ்ட்ராபெரி விளையாது. ரப்பருக்கும் செம்பனைக்கும் பிடித்த வெக்கை அதற்கு ஆகாது. தோட்டத்தில் வளர்ந்த பலருக்கு அது முதலில் பழமாக அல்ல, நிறமாகத்தான் அறிமுகம்: சிரப், மிட்டாய், ஐஸ்கிரீம்.

லயத்து வீடுகளைச் சுற்றி நின்ற மரங்கள் வேறு. பப்பாளி, மா, சிக்கு, பலா, ரம்புத்தான். இவற்றோடு பழகியவர்களுக்குப் பழம் தேர்ந்தெடுக்க இரண்டு துணைகள் இருந்தன. ஒன்று மூக்கு, இன்னொன்று பொறுமை. "காயா இருந்தா என்ன, அரிசிக்குள்ள போட்டு வை, ரெண்டு நாள்ல பழுத்துடும்." மாவும் சிக்கும் பறித்த பிறகும் எத்திலீன் வாயுவை விட்டுத் தாமாகவே பழுக்கும். அரிசிப் பானை அந்த வாயுவை அடைத்து வைக்கிறது. பாட்டிகளுக்கு அதன் பெயர் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் ரம்புத்தானை யாரும் பானையில் போட்டதில்லை. மரத்தில் பழுக்காதது வீட்டிலும் பழுக்காது என்பதும் தெரிந்தே இருந்தது.

ஸ்ட்ராபெரி ரம்புத்தான் கட்சி. பறித்ததோடு இனிப்பு ஏறுவது நின்றுவிடும். காம்போரம் வெள்ளையாக இருந்தது கடைத்தட்டில் கிடந்து சிவக்கலாம், சிவப்பது தோல்தான். ஆக, வாங்கும் நொடியில் எப்படியோ அப்படித்தான். அந்த நொடியில் நாம் பார்ப்பது பெரும்பாலும் பருமனையும் நிறத்தையும்.

பருமனைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துச் சிக்கிக்கொண்டவர் ஒருவர் இந்தப் பழத்தின் வரலாற்றிலேயே உண்டு. அமெடே பிரான்சுவா பிரெசியே, பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். சிலியில் ஸ்பானியர்களின் கோட்டைகளை வேவு பார்க்கப் போனவர், அங்கே மப்புச்சே மக்கள் நெடுங்காலமாக வளர்த்துவந்த பெரிய ஸ்ட்ராபெரியைக் கண்டார். நன்றாகக் காய்த்த செடிகளாகப் பார்த்து எடுத்து, 1714இல் ஐந்தைப் பிரான்சுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அந்த இனத்தில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. காய்த்ததைப் பார்த்து எடுத்ததால் வந்தவை எல்லாமே பெண். ஐரோப்பாவில் அவை சரியாகக் காய்க்கவில்லை. வட அமெரிக்காவிலிருந்து வந்த சின்னப் பழச் செடி பக்கத்தில் வளர்ந்தபோதுதான் மகரந்தம் கிடைத்தது. அந்தக் கலப்பில் பிறந்ததுதான் இன்று உலகம் முழுக்க விற்கிற ஸ்ட்ராபெரி. 1766இல் துஷேன் என்ற இளைஞர் இந்தக் கலப்பை எழுதிவைத்தார். (பிரெசியேயின் குடும்பப் பெயரே பிரெஞ்சில் ஸ்ட்ராபெரியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். கதை எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.)

நம் நாட்டில் அதற்கு இடம் தந்தது கேமரன் மலை. 1885இல் வில்லியம் கேமரன் அளந்த மலை, வெள்ளைக்காரர்களின் ஓய்விடமானது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. கொழுந்து கிள்ளத் தமிழர்கள் மலையேறினார்கள். அங்கே விளையும் ஸ்ட்ராபெரியைப் "புளிக்கும்" என்று நம்மவர்கள் ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது நியாயமில்லை. முழுக்கப் பழுத்தது மலையிறங்குவதற்குள் நசுங்கிவிடும். அதனால் கொஞ்சம் முன்னதாகவே பறிக்கிறார்கள். அங்கேயே செடியிலிருந்து பறித்துத் தின்று பார்த்தால் வேறு பழம்.

இப்போது சிரம்பான் பேரங்காடிகளில் கொரியப் பழம் அடுக்கியிருக்கிறது. கொரியாவில் முக்கியமான ரகம் சொல்யாங். 2005இல் நொன்சான் ஆய்வு நிலையத்தில் உருவானது. அதற்கு முன் கொரிய விவசாயிகள் பெரும்பாலும் ஜப்பானிய ரகங்களைத்தான் நட்டுவந்தார்கள். உரிமத்தொகைச் சிக்கல் வரவே சொந்த ரகம் தேட வேண்டியதாயிற்று. செடி யாருடையது என்ற கேள்வி அவ்வளவு பெரியது. லயத்து மரங்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. நட்டுத் தண்ணீர் ஊற்றியது தொழிலாளி; நிலம் கம்பெனியுடையது. செனாவாங்கில் தொழிற்பேட்டையும் தாமானும் வந்தபோது சிக்கு மரத்துக்கு யாரும் நட்டஈடு கேட்டதாகத் தெரியவில்லை.

மரங்கள் போனாலும் மூக்கு இருக்கிறது. பிளாஸ்டிக் பெட்டியின் ஓட்டை வழியே முகர்ந்து பாருங்கள். குளிர்பெட்டியில் வாசம் அடங்கியிருக்கும், இருந்தும் நல்ல பழம் காட்டிக்கொடுத்துவிடும். காம்புவரை சிவப்பு ஏறியிருக்கிறதா, காம்பிலை வாடாமல் பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியைக் கவிழ்த்து அடியையும் பார்க்க வேண்டும், சாறு கசிந்ததும் பூஞ்சை பிடித்ததும் அங்கேதான் ஒளிந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் கழுவி வைக்காதீர்கள், தின்னும்போது கழுவினால் போதும். அதையும் நாளைக்குள்.