சர்ஃபாக்டின்

பாசில்லஸ் சப்டிலிஸ் என்னும் மண்வாழ் பாக்டீரியா சுரக்கும் இயற்கைப் பரப்பு இயங்கி. ஏழு அமினோ அமிலங்களும் ஒரு கொழுப்பு அமிலமும் வளையமாகப் பிணைந்த லிப்போபெப்டைடு. 1968இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை அறிவித்தபோது, இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளாகவே கருதினர். பரப்பு இயங்கி என்ற வகையில் இது நீரின் பரப்பு இழுவிசையை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனிலிருந்து ஏறத்தாழ 27க்கு இறக்கிவிடும். சோப்புத் தூள்களில் சேரும் செயற்கைப் பொருள்கள் பலவும் இந்த அளவை எட்டுவதில்லை.

சர்ஃபாக்டின் உயிரிப்படலத்தையும் தடுக்கக்கூடியது. பரப்பில் ஒட்டிய பாக்டீரியாக்கள் தாமே சுரக்கும் பசைக்குள் கூடி வாழ்வது உயிரிப்படலம் எனப்படும். படலம் முற்றிய பின் நுண்ணுயிர்க்கொல்லிகள் எளிதில் பலிப்பதில்லை. ஒட்டுமுன் தடுப்பதே மேல். சர்ஃபாக்டின் பரப்பில் படிந்து அதன் நீர்விரும்பும் தன்மையை மாற்றுவதால் செல்கள் பற்றிக்கொள்வது கடினமாகிறது. 2001இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ரசிகா ஹர்ஷேயின் குழு சிறுநீர் வடிகுழாய்களில் இதைச் சோதித்தது. கரைசலை முன்கூட்டியே குழாய்க்குள் ஓடவிட்டாலே சால்மோனெல்லா படலம் உருவாவது தடைப்பட்டது. எஸ்செரிச்சியா கோலை, புரோட்டியஸ் மிராபிலிஸ் ஆகியவற்றிலும் இதே விளைவு தென்பட்டது.

பிற பாக்டீரியாக்களின் படலத்தைத் தடுக்கும் இதே பொருள், தன்னைச் சுரக்கும் பாசில்லஸ் தன் சொந்தப் படலத்தைக் கட்டத் தூண்டும் சமிக்ஞையாகவும் இருப்பது விந்தை. ஆகவே எல்லாக் கிருமிகளுக்கும் ஒரே மருந்தாக இதை எண்ணுவது தவறு.

சூடோமோனாஸ் தரும் ராம்னோலிப்பிடும், ஈஸ்ட் தரும் சோஃபோரோலிப்பிடும் நுண்ணுயிர்கள் சுரக்கும் பரப்பு இயங்கிகளில் அறியப்பட்ட பிற பொருள்கள். சர்ஃபாக்டின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. உற்பத்திச் செலவும் அதிகம். மருத்துவக் கருவிகளில் இதன் பயன்பாடு பரவலாகாததற்கு இவ்விரண்டும் முக்கியக் காரணங்கள்.