கடன் வாசல் – 4: முதலில் கதவைத் தட்டியவர்

சென்ற வாரம் 1944 ஜூலையில், அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸ் ஓட்டலில் இரண்டு பேரை விட்டுவிட்டு வந்தோம். ஒருவர் கோயம்புத்தூர்க்காரர், ஆர்.கே. சண்முகம் செட்டியார். மற்றவர் பிரான்சின் பியேர் மாந்தேஸ் பிரான்ஸ். 44 நாடுகள் மூன்று வாரம் கூடிப் பேசி, சர்வதேச நிதியத்துக்கும் உலக வங்கிக்கும் வடிவம் கொடுத்த மாநாடு அது. அரசலாற்றங்கரையில் இருக்கும் காரைக்கால் அங்கே யார் நினைவிலும் இருந்திருக்காது. ஆனால் 1739 முதல் பிரெஞ்சுக் கொடி பறந்த அந்த ஊர், அடுத்த பத்தே ஆண்டுகளில் ஒருவர் நாட்டிலிருந்து மற்றவர் நாட்டுக்குக் கை மாறப்போகிறது. அந்த இரண்டு நாடுகளும் ஒரே கடன் வாசலில் நின்ற கதைதான் இந்த வாரமும்.

1946 டிசம்பர் 18. உறுப்பு நாடுகளின் நாணய மதிப்புகளை நிதியம் முதன்முதலாக அறிவித்த நாள். அந்தப் பட்டியலில் ரூபாய் இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று இந்தியாவின் கணக்கில். இன்னொன்று பிரான்சின் கணக்கில்: புதுச்சேரியிலும் காரைக்காலிலும் புழங்கிய ‘ரூப்பி’, இந்தோசீனா வங்கி அச்சடித்த நோட்டு. இரண்டுக்கும் ஒரே மதிப்பு. ஒரு டாலருக்கு 3 ரூபாய் 5 அணாவுக்குச் சற்றுக் குறைவு. பிராங்கில் சொன்னால் ஒரு ரூப்பிக்கு 36 பிராங்க். வாஞ்சூரைத் தாண்டி நாகூர்ப் பக்கம் கால் வைத்தால் சர்க்கார் மாறும், நோட்டு மாறும். காசின் மதிப்பு மட்டும் மாறாது.

நிதியத்தின் கதவை முதலில் தட்டிய நாடு எது? இந்தக் கேள்வியை நான் யாரிடம் கேட்டாலும் ஏதோ ஓர் ஏழை நாட்டின் பெயர்தான் பதிலாக வருகிறது. உண்மையில் அது பிரான்ஸ். 1947 மே 8 அன்று இரண்டரைக் கோடி டாலர் எடுத்தது. மறுநாளே உலக வங்கியின் முதல் கடனும் பிரான்சுக்குத்தான்: 25 கோடி டாலர். கேட்டது 50 கோடி, கிடைத்தது பாதி. அதற்குச் சில நாள் முன்புதான் பிரதமர் ரமாதியே தன் அமைச்சரவையிலிருந்து கம்யூனிஸ்ட் அமைச்சர்களை வெளியேற்றியிருந்தார். தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்: மே 5, மே 8, மே 9. சட்டப்படி அன்று காரைக்காலும் பிரெஞ்சு மண்தான். உலகத்தின் முதல் கடனாளி நாட்டில், சோழமண்டலக் கரையின் ஒரு துண்டும் சேர்ந்திருந்தது.

இந்தியாவின் நிலைமை வேறு. போர்க்காலத்தில் பிரிட்டன் இங்கிருந்து எடுத்துக்கொண்ட சரக்குக்கும் படைச் செலவுக்கும் ரொக்கம் தரவில்லை. லண்டனில் கணக்கு மட்டும் எழுதி வைத்தது. அது சுமார் 1,700 கோடி ரூபாயாக வளர்ந்து நின்றது. வங்கியில் பத்து லட்சம் டாலர் இருப்பு, ஆனால் டாக்சிக்குக் கொடுக்கக் கையில் காசில்லை, இது நியாயமா என்று பிரெட்டன் வுட்ஸில் இந்தியக் குழுவின் ஏ.டி. ஷிராஃப் கேட்டார். மாநாடு அந்தக் கணக்கைத் தொட மறுத்துவிட்டது.

அதனால்தான் இரண்டு நாடுகளின் கடன் தொகைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிடுவதை நான் ஏற்பதில்லை. பிரான்ஸ் கடன் கேட்டது போரில் இடிந்துபோன வீட்டைக் கட்ட. அதே நேரத்தில் இந்தோசீனாவில் இன்னொரு போரையும் அது நடத்திக்கொண்டிருந்தது. இந்தியாவோ வல்லரசு ஒன்றுக்கே கடன் கொடுத்திருந்த நாடு. வங்கப் பஞ்சத்தில் பிள்ளைகள் தெருவில் மடிந்த ஆண்டிலும் லண்டன் கணக்கில் நம் பெயரில் தொகை ஏறிக்கொண்டே இருந்தது. அந்தப் பணம் நம் கைக்கு வரவில்லை என்பதற்காக நாம் வேறொரு வாசலுக்குப் போக வேண்டியிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இனி 1948 ஜனவரி. சண்முகம் செட்டியார் இப்போது சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சர். பிரிவினைக்குப் பிறகு வெளிநாட்டுத் தானியம் வாங்கியே டாலர் கரைகிறது. பாரிஸில் பிராங்க் தள்ளாடுகிறது. நிதியத்திடமிருந்து அதற்குள் பன்னிரண்டரைக் கோடி டாலர் எடுத்தாகிவிட்டது. டாலருக்கு 119 பிராங்க் என்றிருந்த மதிப்பை 214-க்கு இறக்கி, கூடவே டாலருக்குத் தனிச் சந்தையும் திறக்கப் பிரான்ஸ் துணிந்தது. மதிப்பை இறக்குவதை நிதியம் பெரிதாக எதிர்க்கவில்லை. ஆனால் ஒரே நாணயத்துக்கு இரண்டு விலை கூடாது என்றது. பிரான்ஸ் கேட்கவில்லை. ஜனவரி கடைசி வாரத்தில் அறிவித்தேவிட்டது.

நிதியம் கதவைச் சாத்தியது. இனிப் பிரான்சுக்கு அங்கே ஒரு டாலரும் கிடையாது. முதலில் கடன் வாங்கிய நாடுதான் அந்த வாசலில் விதியை மீறி, கடன் மறுக்கப்பட்டு நின்ற முதல் நாடும்.

அதே 1948-ல் அந்த வாசலுக்கு இந்தியா போனது. 1949-க்குள் எடுத்தது சுமார் 10 கோடி டாலர். 1949 ஆகஸ்டில் உலக வங்கியிடமிருந்து ரயில்வேக்காக 3 கோடி 40 லட்சம் டாலர் வந்தது. ஆசியாவில் அந்த வங்கி கொடுத்த முதல் கடன் அதுதான். பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு ஓடியதும் இந்திய ரயில்தான். அது போய் நின்ற ஊரில் பறந்தது மட்டும் பிரெஞ்சுக் கொடி.

பிரான்சுக்குச் சாத்திய கதவு ஆறு ஆண்டுக்கு மேல் திறக்கவில்லை. திறந்தது 1954 அக்டோபரில். அதே அக்டோபரின் 18-ஆம் தேதி, புதுச்சேரியை அடுத்த கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களிக்கக் கூடினார்கள். காரைக்கால் யார் பக்கம் என்பது அன்று தீர்மானமாக வேண்டும்.

அந்த நேரம் பாரிஸில் பிரதமர் நாற்காலியில் இருந்தவர் பெயர் பியேர் மாந்தேஸ் பிரான்ஸ்.

(தொடரும்)