மன்னார்க் கரையும் ஒலிநாடாச் சான்றுகளும்

ஈழநாட்டு வரலாற்றை ஆராயப் புகுவார்க்கு மன்னார் புதிய பெயரன்று. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம், கடல் வாணிபத்தாற் சிறந்த மாதோட்டம், 1560 இல் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டை, முத்துக் குளிப்பு ஆகியன பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். இவையாவும் கல்லிலும் மண்ணிலும் ஏட்டிலும் நிலைபெற்ற சான்றுகளைக் கொண்டு எழுதப்பட்டவை. ஆனால் கடந்த ஐம்பதாண்டுக் காலத்து மன்னார் மக்களின் வாழ்க்கையை எழுத முற்படுவோன் எச்சான்றைத் தேடுவான்? வீடுகள் இடிந்தன, பத்திரங்களும் கடிதங்களும் இடப்பெயர்வின்போது கைவிடப்பட்டன. எஞ்சியவற்றுள் ஒன்று, அலுமாரியின் அடித்தட்டில் தூசி படிந்து கிடக்கும் கசெற் என வழங்கும் ஒலிநாடாப் பேழையாகும். அதனை எண்ணிமக் கோப்பாக மாற்றுதல் பொழுதுபோக்கன்று. ஏட்டுச் சுவடியை அச்சேற்றிய பணிக்கு ஒப்பான பதிப்புப் பணியே என்பது எமது துணிபு.

எடிசன் 1877 இல் ஒலியைப் பதிந்து மீட்கும் பொறியைக் கண்டார். அதன் பின் நெடுங்காலம் ஒலிப்பதிவு வானொலி நிலையத்தார்க்கும் இசைத்தட்டு நிறுவனத்தார்க்கும் செல்வர்க்குமே உரியதாயிருந்தது. 1963 இல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் அறிமுகஞ் செய்த சிறு பேழையே அதனைக் குடிசைக்குள் கொணர்ந்தது. அதனுள் ஓடும் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீற்றர், நொடிக்கு 4.76 செ.மீ. வீதம் அது நகர்கின்றது. 1970களின் பிற்பகுதி தொட்டு நம் நாட்டவர் வளைகுடா நாடுகளுக்குத் தொழில் நாடிச் சென்றபோது, இப்பேழை கடிதத்தின் இடத்தைப் பிடித்தது. எழுதத் தெரியாத தாய் தன் மகனுக்குத் தன் வாயாலேயே செய்தி சொல்லக் கூடியதாயிற்று. இதன் வரலாற்றுப் பெறுமதியை நாம் இன்னும் உணர்ந்திலோம். ஏடும் கல்வெட்டும் எழுத்தறிந்தோர் ஆக்கியவை. கருவாடு காயவைத்த பெண்ணின் சொல் அவள் சொன்னவாறே பதிவாகியது இந்நாடாவிலேதான்.

மன்னாருக்கு இது சாலவும் பொருந்தும். 1914 முதல் தனுஷ்கோடிக்கும், 1964 டிசம்பர்ப் புயலில் அவ்வூர் அழிந்தபின் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாரிலிருந்து கப்பல் ஓடிற்று. 1984 இல் அச்சேவை நின்றது. அதன் முன்னும் பின்னும் போருக்கு அஞ்சிய மக்கள் படகேறி மண்டபம் முகாமை அடைந்தனர். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம் முதலிய ஊரார் கடல் வழியே கற்பிட்டி சென்று புத்தளத்திற் குடியேறினர். வேறு பலர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்றனர். பிரிந்த குடும்பத்தை இணைத்த நூல் இந்நாடாவே. ஆதலின், மன்னாரின் ஒலிச்சான்று பெரிதும் மன்னாரில் இல்லை. அது சென்றடைந்த ஊர்களில் உள்ளது. புத்தளத்துப் பெட்டியொன்றில் எருக்கலம்பிட்டியின் பழைய பேச்சு வழக்கு உறங்கக்கூடும். தேடுவோன் தீவை விட்டு வெளியே செல்லவேண்டும்.

கடிதம் மட்டுமன்று. திருமண வாழ்த்து, ஒப்பாரி, கோயிற் பாடல், விடிய விடிய ஆடிய நாட்டுக்கூத்து எனப் பலவும் பதியப்பெற்றன. மன்னார்ப் பகுதிக் கூத்துகள் சிலவற்றைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பதிப்பித்து உதவினார். அச்சிற் பாடல் கிடைத்தது. மெட்டும், அண்ணாவியார் இழுத்து நிறுத்தும் ஓசையும் அச்சில் அடங்குவனவல்ல. கூத்து மேடைக்கருகே எவரோ வைத்த பதிகருவியே அவற்றைக் காத்தது.

இனி மாற்றும் முறையை நோக்குவாம். கருவியின் வாசிப்புத் தலையைத் துடைத்தல், தளர்ந்த இறப்பர்ப் பட்டியை மாற்றுதல், பேழையினுள் உதிர்ந்துபோன கம்பளித் துண்டை மீள ஒட்டுதல் ஆகியன முதற் பணிகள். அடுத்து வருவதையே பலர் கவனிப்பதில்லை. பதிந்த கருவியின் தலை எச்சாய்வில் இருந்ததோ அச்சாய்விலேயே வாசிக்கும் தலையும் இருத்தல் வேண்டும். சிறிது வேறுபடினும் குரலின் கூர்மை மழுங்கிவிடும். தலையருகேயுள்ள சிறு திருகாணியை மெல்லத் திருப்பி, ஓசை தெளியும் இடத்தில் நிறுத்தவேண்டும். இதற்குச் செவியே அளவுகோல். 60 நிமிடப் பேழையின் நாடா ஆயிரத்திற் பதினெட்டு மில்லிமீற்றர் தடிப்புடையது. 120 நிமிடப் பேழையினது அதிற் பாதியே. மெல்லிய நாடா எளிதில் இழுபடும்; சுருளின் ஒரு படையிலுள்ள ஓசை அடுத்த படையிற் படிந்து, பேச்சுக்கு முன்னரே அதன் மங்கலான நிழல் கேட்பதுமுண்டு. நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரியொன்றுக்கு 24 பிற்று என்னும் அளவிற் சுருக்காத கோப்பாகச் சேமித்தால் ஒரு மணி நேரப் பேழைக்கு ஏறத்தாழ ஒரு கிகாபைற்று இடம் வேண்டும். இன்று இது பெரிதன்று. எம்பி3 போன்ற சுருக்கிய வடிவம் உறவினர்க்கு அனுப்பப் போதும். மூலப்படியாக அதனைக் கொள்ளலாகாது.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. இரைச்சலை நீக்கலாமா? கணினி மென்பொருள்கள் நொடியில் அதனைச் செய்துவிடும். எனினும் எது இரைச்சல்? மன்னார்த் தீவில் பதிந்த நாடாவிற் சோளகக் காற்று வீசும். தெருவில் திரியும் கழுதை கத்தும். இந்தக் கழுதைகளை அறியாதார் மன்னாரை அறியாதாரே! மின்சாரமின்றி, மின்கலமும் தடைசெய்யப்பட்டிருந்த 1990களின் வடபுலத்தில் சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அக்காலத்து நாடாவில் சக்கரத்தின் உராய்வு கேட்குமாயின் அதுவும் சான்றே. உ. வே. சாமிநாதையர் பாடபேதங்களை அழித்துவிடாது அடிக்குறிப்பிற் காட்டிய நெறியை இங்கும் பின்பற்றல் தகும். மூலப்படியில் எதனையும் தொடாது, வேண்டுமாயின் வேறொரு பிரதியில் தெளிவு செய்க.

சுவடிக்கும் நாடாவுக்கும் ஒரு பெரும் வேறுபாடுண்டு. சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை 1887 இல் அச்சிட்டபோது, செல்லரித்த ஏட்டையும் அறிந்தோர் எழுத்துக் கூட்டி வாசிக்க முடிந்தது. நாடாவை எக்கல்விமானும் வாசிக்கவியலான். பொறி ஒன்றே வாசிக்கும். அப்பொறியோ அருகி வருகின்றது. யுனெஸ்கோ நிறுவனத்தின் திட்டமொன்றும் ஒலி ஆவணக் காப்பகங்களின் அனைத்துலகச் சங்கமும் 2019 இல் விடுத்த எச்சரிக்கை, 2025 அளவில் காந்த நாடாக்களை இயக்கும் வசதி பெரிதும் அருகிவிடும் என்பதாம். அவ்வாண்டு வந்துவிட்டது. பழுது பார்ப்போரைத் தேடி அலைந்தவர்கள் இதனை நேரில் அறிவர்.

பொறியினும் விரைந்து மறைவது பிறிதொன்று: குரலை அடையாளங் காட்டவல்ல முதியோரின் நினைவு. பேழையின் மேல் ‘மாமா, 84’ என்று மட்டும் எழுதப்பட்டிருக்கும். எந்த மாமா? எங்கிருந்து பேசினார்? திரைப்பாடற் பேழையின் மேற்புறத் துளைகளை ஒட்டுத்தாளால் அடைத்து, அதன்மேலே வீட்டுச் செய்தி பதிந்தோரும் உளர். மேற்சீட்டை நம்பி அதனைக் குப்பையில் இடுவார் எத்தனை பேர்! ஆதலின் கோப்பைக் கணினியில் ஏற்றுவதற்கு முன்னரே, பாட்டியையோ பெரியப்பாவையோ அருகிருத்திக் கேட்கச்செய்து, பேசுவோர் பெயர், முறை, ஊர், ஆண்டு, சொல்லப்படும் இடங்கள் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். அவர்கள் கேட்டுச் சொல்வதையும் பதிந்துகொள்ளலாம்.

எல்லாவற்றையும் ஊரறிய வெளியிடுதல் முறையாகாது. போர்க்காலக் கடிதங்களில் காணாமற் போனோர் பெயரும், கடன் கணக்கும், குடும்பப் பிணக்கும் கலந்திருக்கும். பேசியவர் உயிரோடிருப்பின் அவர் இசைவு பெறவேண்டும்; இல்லையேல் பிள்ளைகள் கூடி முடிவு செய்க. பொதுப் பயனுடையவற்றை ஏற்றுப் பேண இன்று இடமுண்டு. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் நூல், இதழ்களோடு அமையாது ஒலி ஆவணங்களையும் சேர்த்து வருகின்றது. வீட்டில் ஒரு பிரதியும், தொலைவில் வாழும் உறவினரிடம் ஒரு பிரதியும், காப்பகத்தில் ஒரு பிரதியும் இருத்தல் நன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அங்கிருந்தன.