மிச்சம் விழுந்த பிலிம்

பாங்கி நகரில், 1970களின் நடுவில், ஒரு சின்ன போட்டோ ஸ்டூடியோ. பகலெல்லாம் ஆட்கள் வந்துபோவார்கள். அடையாள அட்டைக்கு ஒரு படம், கல்யாணத்துக்கு ஒரு படம், தூரத்து உறவுக்கு அனுப்ப ஒரு படம். மறுநாளே பிரிண்ட் கையில் வேண்டும் என்பார்கள். ரோலில் இன்னும் சில படங்களுக்கு இடம் இருக்கும். அப்படியே கழுவப் போட்டால் அந்த பிலிம் வீண். அதனால் கடையைச் சாத்திய பிறகு ஸ்டூடியோக்காரப் பையன் உடை மாற்றிக்கொள்வான். விளக்குகளைப் போட்டுவிட்டு, தானே கேமராவுக்கு முன்னால் போய் நிற்பான்.

அந்தப் பையன்தான் சாமுவேல் ஃபோசோ. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகரில் 1975இல் அவர் கடை திறந்தபோது வயது 13. ‘ஸ்டூடியோ போட்டோ நாஷனல்’ என்று பெயர். அதன் விளம்பர வாசகம் வாடிக்கையாளர்களுக்கு நான்கு வாக்குறுதிகள் தந்தது: எங்களிடம் வந்தால் அழகாக இருப்பீர்கள், நாகரிகமாக இருப்பீர்கள், நளினமாக இருப்பீர்கள், உங்களை எளிதில் அடையாளம் தெரியும். முதல் மூன்றும் வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு. நான்காவது அரசாங்க அலுவலகத்தில் நீட்டும் படத்துக்கு. ஆப்பிரிக்க ஸ்டூடியோக்காரர்களின் பிழைப்பு இந்த இரண்டையும் நம்பித்தான் நடந்தது.

அந்தத் தொழிலுக்கு அப்போதே நூறாண்டுக்கு மேல் வயது. 1850களிலேயே லைபீரியாவில் அகஸ்டஸ் வாஷிங்டன் என்ற கறுப்பினப் புகைப்படக்காரர் டாகெரோடைப் என்ற தொடக்ககால முறையில் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களில் வேரூன்றிய அந்தக் கலை உள்நாட்டு நகரங்களுக்கும் பரவியது. அப்படிப் போய்ச் சேர்ந்த ஊர்களில் ஒன்று இன்றைய மாலியின் தலைநகரான பமாக்கோ. அதை உலகம் அறிந்த ஊராக்கியவர் செய்டு கெய்ட்டா.

கெய்ட்டா தச்சு வேலை பழகியவர். 1935இல் செனகல் போய்வந்த அவருடைய மாமா கோடாக் பிரவுனி கேமரா ஒன்றை வாங்கி வந்து கொடுத்தார். பையனுக்கு அப்போது பதினான்கு வயது இருக்கும். எடுத்துப் பார்த்து, கெடுத்துப் பார்த்து, ஊரிலிருந்த மூத்தவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டு, 1948இல் சொந்தமாக ஸ்டூடியோ வைத்தார். செனகலின் டாக்காரிலிருந்து வரும் ரயில் நிற்கும் நிலையம் பக்கத்திலேயே இருந்தது. இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் அவர் கடைப் பக்கம் வந்தார்கள்.

பெரும்பாலும் வீட்டு முற்றத்து வெயிலில்தான் படம் எடுத்தார். 13க்கு 18 சென்டிமீட்டர் அளவு நெகட்டிவ் கேட்கும் பெரிய மரக் கேமரா. அதே அளவுக்கு பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் போதும், பெரிதாக்கும் கருவி தேவையில்லை. ஆனால் நெகட்டிவ் விலை அதிகம். ஆளுக்கு ஒரே படம்தான், இரண்டாவது முறைக்கு வழியில்லை. ஆகவே வேலையெல்லாம் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது, கையை எங்கே வைப்பது, அங்கியின் மடிப்பு எப்படி விழவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்வார். சுவரில் மாதிரிப் படங்கள் தொங்கும். வந்தவர் ஒன்றைச் சுட்டிக்காட்டி, இதைப் போல வேண்டும் என்பார்.

ஸ்டூடியோவிலேயே கோட்டு, டை, கைக்கடிகாரம், பேனா, ரேடியோ, ஸ்கூட்டர் எல்லாம் தயாராக இருந்தன. சொந்தமாக இல்லாதவர் கெய்ட்டாவிடம் வாங்கி அணிந்துகொள்ளலாம். 1959இல் எடுத்த ஒரு படத்தில் வெளிர்நிறக் கோட்டு போட்ட இளைஞர், தடித்த பிரேம் கண்ணாடி, சட்டைப் பையில் பேனா, கையில் ஒற்றைப் பூவுடன் நம்மைப் பார்க்கிறார். அந்த உடைமைகளில் எது அவருடையது, எது கடையுடையது என்று படம் சொல்லாது. அப்படி எண்ணிப் பார்க்கும் அவசியமும் வராது. அந்த ஒரு நொடிக்கு எல்லாமே அவருடையவை.

பின்னால் தொங்கிய திரையும் வாங்கிய திரை அல்ல. முதலில் மாட்டியது கெய்ட்டாவின் சொந்தக் கட்டில் விரிப்பு, ஓரத்தில் குஞ்சம் தொங்கும் விரிப்பு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு துணிக்கு மாற்றினார். பிற்காலத்தில் தேதி எழுதாத படங்களை அவர் கையில் கொடுத்தால், பின்னாலிருக்கும் துணியைப் பார்த்து எந்த ஆண்டு என்று சொல்லிவிடுவார்.

1960இல் மாலி விடுதலை பெற்றது. 1962இல் அரசாங்கம் கெய்ட்டாவைத் தன் புகைப்படக்காரராக எடுத்துக்கொள்ள, ஸ்டூடியோ மூடிற்று. விடுதலை பெற்ற தலைமுறையின் முகம் மாலிக் சிடிபேயின் கேமராவுக்கு வந்தது. பகலில் ஸ்டூடியோ, சனிக்கிழமை இரவானால் இளைஞர்களின் நடன விருந்துகள் என்று சின்ன கேமராவும் ஃபிளாஷுமாக அலைந்தவர் அவர். 1963இல் எடுத்த ‘கிறிஸ்துமஸ் இரவு’ படத்தில் ஓர் இளைஞரும் இளம்பெண்ணும் தலையோடு தலை சேர்த்துக் குனிந்து ஆடுகிறார்கள். கெய்ட்டாவின் முற்றத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்த உடல், சிடிபேயிடம் வந்ததும் ஆடத் தொடங்கிவிட்டது.

இந்தப் பரம்பரையின் அடுத்த படியில் நிற்பவர் ஃபோசோ. எதிரில் உட்கார்ந்தவர் விரும்பிய உருவத்தை அவருக்கு வாங்கிக் கொடுப்பதுதான் முந்தைய இருவரின் தொழில். பகலில் ஃபோசோவும் அதைத்தான் செய்தார். இரவில் எதிரில் உட்காரவும் அவரே போனார். எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் ஒருவரே ஆன இடம் அது.

அவர் அங்கே போய் நின்றதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1962இல் கேமரூனில் பிறந்தவர், நைஜீரியாவில் இக்போ மக்களிடையே வளர்ந்தவர். பிறக்கும்போதே உடலின் ஒரு பகுதி செயலற்றிருந்தது. குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் ஸ்டூடியோவில் படம் எடுத்து வைப்பது அவர்கள் பக்கத்து வழக்கம். ஊனமுற்ற பிள்ளைக்கு எதற்கு அந்தச் செலவு என்று தகப்பனார் விட்டுவிட்டார் என ஃபோசோ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வைத்தியராக இருந்த தாத்தாதான் பிள்ளையைக் குணப்படுத்தினார். பிறகு தாய் இறந்தார். நைஜீரியாவின் உள்நாட்டுப் போரான பியாஃப்ரா போர் வந்தது. குடும்பம் காட்டுக்குள் ஒளிந்து பிழைத்தது. 1972இல் செருப்புத் தைக்கும் மாமா அவரை பாங்கிக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு ஸ்டூடியோவில் சில மாதம் வேலை பழகியதுதான் அவர் படித்த படிப்பு.

மிச்ச பிலிமில் எடுத்த படங்களில் சில நைஜீரியாவுக்குப் போயின. நான் உயிரோடு, நலமாக இருக்கிறேன் என்று பாட்டிக்குத் தெரிய வேண்டுமே! கைக்குழந்தையாக ஒரு படம்கூட இல்லாத பேரன், படத்துக்கு மேல் படமாக எடுத்து அனுப்பினான்.

அந்தப் படங்களில் அவர் வெறுமனே நிற்கவில்லை. நைஜீரியப் பாடகர் பிரின்ஸ் நிக்கோ எம்பார்காவின் இசைத்தட்டு உறைகளைத் தையற்காரரிடம் காட்டி, அதே போல பெல்பாட்டம் தைக்கச் சொன்னார். உயரமான அடிகொண்ட பூட்ஸ், பெரிய கறுப்புக் கண்ணாடி, வெள்ளைக் கையுறை, சில படங்களில் உள்ளாடை மட்டும். ஸ்டூடியோ விளக்குகளும் திரையின் ஓரங்களும் சட்டகத்துக்குள்ளேயே தெரியும். அவற்றை வெட்டி எறியவில்லை. 1977இல் அதே பாங்கியில் ஜான் பெடல் பொக்காசா தன்னைத்தானே பேரரசராக முடிசூட்டிக்கொண்டார். அந்த ஆட்சியின் கீழ், கதவைச் சாத்திய ஓர் அறையில், ஒரு விடலைப் பையன் இரவுதோறும் தன் விருப்பப்படி உருமாறிக்கொண்டிருந்தான்.

கண்காட்சி என்ற நினைப்பே ஃபோசோவுக்கு இல்லை. 1990களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்கப் புகைப்படக்காரர்களைத் தேடி வந்த பிரெஞ்சுக்காரர் பெர்னார் தெகாம், அந்தப் பழைய படங்களைப் பார்த்தார். 1994இல் பமாக்கோவில் முதல் ஆப்பிரிக்கப் புகைப்பட விழா நடந்தபோது அவை சுவரேறின. கெய்ட்டாவின் பெயரும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் வெளியே வந்தது. 1991இல் நியூயார்க்கில் அவருடைய படங்களை மாட்டியபோது, எடுத்தவர் பெயர் தெரியவில்லை என்றே குறிப்பு எழுதியிருந்தார்கள். அடுத்த ஆண்டு ஒருவர் பமாக்கோவுக்கு நேரில் போய் விசாரித்தார். ஊர்க்காரர்களுக்கு அது யாருடைய படம் என்று உடனே தெரிந்தது.

1997இல் பாரிஸின் ‘டாட்டி’ கடை தன் பொன்விழாவுக்காக கெய்ட்டா, சிடிபே, ஃபோசோ மூவரையும் அழைத்தது. கடைக்கு வருகிறவர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுக்க வேண்டும். ஃபோசோ வேறு வழி கேட்டார்: வண்ணத்தில், தன்னையே. ஒப்பனைக்காரர், உடை, அரங்கம் எல்லாம் முதன்முறையாகக் கிடைத்தன. கடற்கொள்ளையர் ஆனார், 1970களின் விடுதலை பெற்ற அமெரிக்கப் பெண் ஆனார். சிறுத்தைத் தோலும் தங்க நகைகளுமாகக் கையில் சூரியகாந்திப் பூங்கொத்து பிடித்து, ஆப்பிரிக்காவை வெள்ளைக்காரர்களுக்கு விற்ற தலைவராகவும் உட்கார்ந்தார். கெய்ட்டாவின் வாடிக்கையாளர் கடிகாரத்தையும் பேனாவையும் பெருமைக்காகக் கேட்டு வாங்கினார். இங்கே அதே பாணிப் பொருள்கள் குற்றச்சாட்டாக மாறின.

2008இல் வந்த ‘ஆப்பிரிக்க ஆன்மாக்கள்’ வரிசை 14 படங்கள் கொண்டது, மீண்டும் கறுப்பு வெள்ளை. நெல்சன் மண்டேலா, குவாமே என்க்ருமா, பாட்ரிஸ் லுமும்பா, ஏஞ்சலா டேவிஸ் என்று கறுப்பின ஆளுமைகள் ஒவ்வொருவரின் புகழ்பெற்ற படத்தையும் எடுத்துவைத்து, ஒளி விழும் கோணம் முதல் விரல் மடங்கும் விதம் வரை தன் உடலில் மறுபடி கட்டினார். மார்ட்டின் லூதர் கிங்குக்கு அவர் எடுத்துக்கொண்டது மேடைப் பேச்சு அல்ல. 1956இல் மாண்ட்கோமரி போலீஸ் எடுத்த கைதிப் படம். மார்பில் 7089 என்ற எண் பலகை தொங்க, ஃபோசோ நேராகப் பார்க்கிறார். எளிதில் அடையாளம் தெரியும் என்று தன் கடை விளம்பரத்தில் எழுதியவர், அடையாளப் படம் அதிகாரத்தின் கையில் என்ன ஆகிறது என்பதைத் தன் முகத்தை வைத்தே காட்டினார்.

2014இல் பாங்கியில் உள்நாட்டுச் சண்டை மூண்டிருந்தபோது அவருடைய வீடு சூறையாடப்பட்டது. நெகட்டிவ்கள் தெருவில் கிடந்தன. சண்டையைப் பதிவுசெய்ய வந்திருந்த செய்திப் புகைப்படக்காரர்களும் ஒரு மனித உரிமைப் பணியாளரும் அவற்றைப் பொறுக்கிச் சேர்த்து, முடிந்தவரை காப்பாற்றினார்கள்.

அதற்குப் பிறகு ஃபோசோ எடுத்த பெரிய வரிசையின் பெயர் ‘சிக்ஸ்சிக்ஸ்சிக்ஸ்’. 666 தற்படங்கள். பெல்பாட்டம் இல்லை, தலைவர்களின் கோட்டு இல்லை, சூரியகாந்தி இல்லை. ஒரே இருண்ட பின்னணியில் வெற்றுத் தோளும் முகமும் மட்டும். ஒன்றில் அழுகிறார், ஒன்றில் சிரிக்கிறார், ஒன்றில் வெறித்துப் பார்க்கிறார். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. எல்லாம் பெரிய அளவு பொலராய்டுகள். கேமராவிலிருந்து நேரே காகிதமாக வெளிவரும் படங்கள். ஒவ்வொன்றும் அந்த ஒரே பிரதிதான். 2023இல் அவருக்கு டாய்ச்சே பேர்ஸ் புகைப்படப் பரிசு கிடைத்தது.