தரை தேய்த்த மேஜர்

ரிச்சர்ட் கார்-கோம், பிரிட்டிஷ் ராணுவத்தில் அரண்மனைக் காவலுக்குப் பேர்போன கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் படைப்பிரிவின் மேஜர். இரண்டாம் உலகப் போரில் களம் கண்டவர். 1955இல் அவர் ராணுவத்தை உதறினார். அடுத்து அவர் தேடிப்போன வேலைதான் யாரும் எதிர்பாராதது.

லண்டனில் தேம்ஸ் நதிக்குத் தெற்கே, துறைமுகத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதி பெர்மண்ட்சி. அங்கே தள்ளாத வயதில் தனித்திருந்தவர்களின் வீட்டு வேலைகளுக்கு உதவப் போனார் மேஜர். பெண்களே பார்த்துவந்த வேலை அது. மண்டியிட்டுத் தரை தேய்த்தவருக்கு ‘தரை தேய்க்கும் மேஜர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால், எவ்வளவு தேய்த்தாலும் போகாத ஒன்று அந்த வீடுகளில் இருந்தது.

தனிமை. அவர் கிளம்பியதும் கதவு சாத்தப்படும். பேச ஆள் இருக்காது. அரசு ஓய்வூதியம் தந்தது, இலவச மருத்துவம் தந்தது. கூட உட்கார்ந்து சாப்பிட ஓர் ஆளைத் தர எந்தத் திட்டமும் இல்லை. முதியோர் விடுதிக்குப் போனாலோ, பழகிய வீதியும் சொந்த நாற்காலியும் கைவிட்டுப் போகும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டா?

ராணுவம் கொடுத்த பணிக்கொடையைப் போட்டு, அதே வட்டாரத்தில் யூஜினியா சாலையில் ஒரு வீட்டை வாங்கினார். தனித்திருந்த முதியவர்கள் நால்வரைக் குடிவைத்தார். ஆளுக்கொரு அறை, எல்லாருக்கும் ஒரே பந்தி. சமைத்ததும் வீட்டைக் கவனித்ததும் மேஜரே. நால்வருக்கு இடம் கிடைத்துவிட்டது, மற்றவர்களுக்கு?

1956இல் ஒரு சங்கம் பிறந்தது. பக்கத்துச் சாலையின் பெயரே அதற்கும் அமைந்தது: அபேஃபீல்ட். தன்னார்வலர்கள் ஊருக்கு ஊர் வீடு பிடித்தார்கள். சமைத்துப்போட்டுக் கவனிக்க ஒரு பொறுப்பாளரை அங்கேயே தங்கவைத்தார்கள். சங்கம் மளமளவென்று வளர்ந்தது. அந்த வளர்ச்சிக்கு நடுவில்தான் இடி விழுந்தது.

நிர்வாகக் குழுவோடு முற்றிய மோதலில், தொடங்கியவரே வெளியேற்றப்பட்டார்! மேஜர் முடங்கவில்லை. 1965இல் கார்-கோம் சங்கத்தைத் தொடங்கி, வயது பாராமல் தனித்திருப்போருக்கு வீடு தேடினார். அவர் இல்லாமலே அபேஃபீல்ட் கடல் தாண்டி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா வரை போனது. உடல் தளர்ந்தவர்களுக்காக முழுநேரப் பராமரிப்பு இல்லங்களும் பின்னால் சேர்ந்துகொண்டன.

சொந்த அறை, சொந்தச் சாமான், கூப்பிட்டால் வர ஓர் ஆள், சேர்ந்து உண்ண ஒரு மேசை. ‘பராமரிப்புடன் கூடிய முதியோர் குடியிருப்பு’ என்று இன்று சாதாரணமாகச் சொல்லிவிடும் ஏற்பாட்டின் ஆழமான வேர்களில் ஒன்று, அந்த பெர்மண்ட்சி வீடு. வசதிகள் இடத்துக்கு இடம் மாறலாம். அந்தச் சாப்பாட்டு மேசையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் வாடகை அறைதான்.