துடிக்கும் விண்மீன் தந்த பரிசு

பல்சார் என்னும் துடிக்கும் விண்மீனை முதலில் கண்டவர் யார் தெரியுமா? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவி ஜோசலின் பெல். 1967இல் ரேடியோ தொலைநோக்கியின் நீண்ட பதிவுத்தாளில் ஒரு சிறு கிறுக்கலைக் கவனித்தார். ஆராய்ந்தபோது, 1.33 விநாடிக்கொரு முறை தவறாமல் வரும் துடிப்பு எனத் தெரிந்தது. அது சுழலும் நியூட்ரான் விண்மீன்!

இங்கே நமக்குத் தகுதியில்லையோ என்ற அச்சமே எதையும் விடாமல் பார்க்க வைத்தது என்று அவர் பின்னாளில் கூறினார்.

1974இல் நோபல் பரிசு அவருடைய ஆசிரியர் ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் கிடைத்தது, மாணவிக்கு இல்லை. மணமானபின் பல ஆண்டுகள் பகுதிநேரப் பணியே அவருக்கு வாய்த்தது.

2018இல் 30 லட்சம் டாலர் பரிசு அவரைத் தேடி வந்தது. இயற்பியலில் குறைவாகவே இடம்பெறும் பிரிவினர் முனைவர் பட்ட ஆய்வு செய்ய, அத்தொகை முழுவதையும் உதவித்தொகையாக அளித்தார். வெளியிலிருந்து வருபவர் புதிய கண்ணோடு பார்ப்பார் என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை.