ரேந்தை விற்ற காசும் பிடியரிசியும்: தென் திருவிதாங்கூர்ப் பெண்களின் கொடைச் சரித்திரம்

1855ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் பெயரால் பிறந்த விளம்பரம், திருவிதாங்கூர் ராஜ்யத்தில் மனிதரை மனிதர் அடிமையாக உடைமை கொள்ளும் வழக்கத்தை ராஜ்யத்தின் சட்டம் இனி ஒப்பாது என்று அறிவித்தது. சரித்திர நூல்கள் இந்நாளைக் குறிக்கின்றன, குறிப்பதும் தகும். ஆயினும் அந்த விளம்பரத்திற்கு நெடுநாள் முன்பே, நாகர்கோவிலில் ஒரு மிஷன் பங்களாவின் தாழ்வாரத்தில் அமர்ந்து நூல் பின்னிய அடிமைச் சிறுமியர் சிலர், தம் விரல்களால் ஈட்டிய கூலியைச் சேர்த்துத் தம்மைத் தாமே விலைக்கு வாங்கிக்கொண்டனர் என்னும் செய்தி அந்நூல்களில் ஒரு வரிக்கு மேல் இடம் பெறுவதில்லை. நம் நாட்டுப் பெண்களின் பரோபகார சரித்திரத்தை எங்கிருந்து தொடங்குவது என்று என்னைக் கேட்டால், செல்வச் சீமாட்டியர் எழுப்பிய சத்திரங்களிலிருந்தன்று, அந்தத் தாழ்வாரத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பேன்.

இங்கே இடத்தைப் பற்றி ஒரு சொல். தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்னும் இரு தாலுகாக்களே பழைய நாஞ்சில் நாடு. அவற்றோடு கல்குளமும் விளவங்கோடும் சேர்ந்து, 1956 நவம்பர் 1 அன்று சென்னை ராஜ்யத்தோடு இணைந்தபோதுதான் இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் உருவாயிற்று. நாம் பேசும் காலத்தில் இந்நான்கும் தென் திருவிதாங்கூர்.

அந்நாட்டின் நிலை எத்தன்மையது என்பதற்கு 1836ஆம் ஆண்டின் குடிக்கணக்கு ஒன்றே போதும். ராஜ்யத்தின் ஜனத்தொகை 12,80,668. அவருள் அடிமைகள் 1,64,864 பேர். எட்டில் ஒருவருக்கு மேல், நிலத்தோடும் ஏரோடும் மாட்டோடும் சேர்த்து எண்ணப்பட்டவர்கள். புலையரும் பறையரும் குறவரும் இவ்வாறு உடைமையாய்க் கிடக்க, அடிமையென்று பெயர் பெறாத நாடார் குலத்துப் பெண்டிரோ மார்பை மறைக்கும் உரிமையற்று, மேல்சாதியார் முன்னிலையில் மேலாடையின்றி நிற்க வேண்டியவராயிருந்தனர். அடிமைத்தனமும் ஆடை மறுப்பும் இரண்டு வேறு கொடுமைகளாகத் தோன்றினும், உன் உடம்பு உன்னுடையதன்று என்ற ஒரே தீர்ப்பின் இரு வாசகங்களே அவை. இவற்றை எதிர்த்த முயற்சிகளும் ஒரே ஊசி முனையில் வந்து கூடியதுதான் இவ்வூர்ச் சரித்திரத்தின் விசேஷம்.

லண்டன் மிஷன் சங்கம் இந்நாட்டுக்கு அனுப்பிய முதல் ஊழியரான ரிங்கல்தௌபே மயிலாடியில் விதைத்ததைத் தொடர்ந்து, 1818இல் சார்லஸ் மீட் அவர்களும், 1819இன் இறுதியில் சார்லஸ் மால்ட் அவர்களும் நாகர்கோவில் வந்து சேர்ந்தனர். மால்ட் அவர்களின் மனைவியார் மார்த்தா, 1820ஐ ஒட்டிப் பெண்களுக்கென ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊர் முழுவதும் கேட்ட காலம் அது. எழுத்தோடு கைத்தொழிலும் சேர்ந்தாலன்றிப் பெற்றோர் பிள்ளைகளை விட மாட்டார்கள்; பள்ளிக்கும் வருவாய் வேண்டும். ஆகவே அவர் தம் நாட்டுத் தொழிலாகிய, லேஸ் எனப்படும் ரேந்தைப் பின்னலைக் கற்பித்தார். போர்த்துக்கீசியர் வாய்ச்சொல்லிலிருந்து நம் கடற்கரைக்கு முன்னமே வந்துவிட்ட 'ரேந்தை' என்ற சொல்லுக்கு, இத்தொழிலால் நாஞ்சில் நாட்டில் ஓர் இல்லம் கிடைத்தது.

அத்தொழிலை அருகிருந்து பார்த்தாலன்றி அதன் அருமை விளங்காது. இறுகத் திணித்த உருண்டைத் தலையணை ஒன்று மடியிலோ முக்காலியிலோ கிடக்கும். அதன்மேல் கோலத்தைத் துளைகளால் குறித்த தடித்த காகிதம். துளைதோறும் ஒரு குண்டூசி. நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள், சாதாரணக் கரைக்கே இருபதுக்குக் குறையாமல், அகன்ற கோலமாயின் அறுபதும் எண்பதும், தலையணையின் விளிம்பில் தொங்கும். இரண்டு கையும் இரண்டு இணைகளைப் பற்றி, ஒன்றை ஒன்றின் மேலிட்டு, முறுக்கி, ஊசியைக் குத்தி, அடுத்த இணைக்குப் போக வேண்டும். கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை, நெல் குத்தும் முற்றங்களிலும் பனையோலை முடையும் திண்ணைகளிலும் வளர்ந்த காதுகளுக்குப் புதிய ஓசை. வெள்ளை நூலில் வேர்வை பட்டால் கறை தோன்றும். கறை தோன்றினால் விலை போகாது. நாள் முழுதும் குனிந்திருந்தும் விரற்கடையளவு வளர்வதே அரிது. சேற்றிலும் எருக்குழியிலும் அன்றி வேறெங்கும் பயன்படத் தகாதவை என்று தள்ளப்பட்ட கைகள், மாசு படாத வெள்ளை நூலைக் கையாண்டன.

இப்பின்னல் சென்னை முதலிய நகரங்களிலிருந்த ஐரோப்பியக் குடும்பங்களுக்கு விற்பனையாயிற்று. கூலியில் ஒரு பங்கு சிறுமியருக்குச் சேர்ந்தது. அப்பங்கைக் கொண்டே அடிமைப் பெண்கள் தம் உடையவரிடம் விலை கொடுத்து விடுதலை பெற்றனர் என்று மிஷன் சரித்திரக்காரர்கள் மகிழ்ச்சியோடு எழுதுகின்றனர். மகிழ்ச்சி நியாயமே, எனினும் இதில் என் மனம் நிலைத்து நிற்பது வேறோரிடத்தில். ஒருத்தி தன்னை விலைக்கு வாங்கும்போது, தனக்கு ஒரு விலையுண்டு என்ற இழிவை ஒரு கணம் ஒப்பி, மறுகணமே அதை என்றைக்குமாக ஒழிக்கிறாள். அவளுக்குக் கிடைத்தது ஒருவர் இட்ட பிச்சையன்று.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலிருந்து ஒரு சிறுமியின் உணவுக்கும் உடைக்கும் பணம் அனுப்பும் புரவலரின் பெயரையே அச்சிறுமிக்கு இடுவது அக்கால மிஷன் பள்ளிகளின் வழக்கம். கொடுத்தவரின் பெயர் பெற்றவளின் மேல் எழுதப்பட்டது. அவள் தாய் அழைத்த பெயர் ஏட்டிலிருந்து மறைந்தது. மார்த்தா மால்ட் என்ற பெயரை நாம் அறிவோம். அவரை இகழ எனக்கு உரிமையில்லை, மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் இம்மண்ணில் உழைத்தவர். எனினும் தலைமை என்னும் சொல்லை அவரோடு நிறுத்திக்கொள்ளும் சரித்திரம் பாதிச் சரித்திரமே.

ரேந்தை பின்னிய அதே தாழ்வாரங்களில்தான் குப்பாயமும் தைக்கப்பட்டது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் அணிந்த சட்டையைப் போன்றதோர் உடையைக் கிறிஸ்தவ மதம் சேர்ந்த பெண்கள் அணியலாம் என்று பிரிட்டிஷ் ரெசிடெண்டாயிருந்த கர்னல் மன்றோவின் காலத்தில், 1814இல், உத்தரவு பிறந்திருந்தது. உத்தரவு காகிதத்தில், சந்தையிலோ நிலைமை வேறு. 1822இல் கல்குளம் பகுதியில் குப்பாயம் அணிந்து சென்ற பெண்கள் தாக்கப்பட்டு, ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் பெண்களின் பக்கம் தீர்ப்பளித்தும் பகை அடங்கவில்லை. 1827இல் மீண்டும் கலகம். 1829 பிப்ரவரி 3ஆம் நாள் ராணியின் விளம்பரம், குப்பாயத்தை அனுமதித்து மேல்முண்டை மறுத்தது. 1858இன் இறுதியில் மூண்ட மூன்றாம் கலகத்தில் வீடுகளும் பிரார்த்தனைக் கூடங்களும் எரிந்தன. சென்னை கவர்னர் சர் சார்லஸ் டிரவெல்யனின் வற்புறுத்தலுக்குப் பின், 1859 ஜூலை 26இல், நாடார் பெண்கள் யாவரும், எம்மதத்தவராயினும், மார்பை மறைக்கலாம் என்று மகாராஜா விளம்பரம் செய்தார். அப்போதும், மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் பாங்கில் உடுத்தலாகாது என்ற நிபந்தனை நீங்கவில்லை.

இக்கலகங்களை ரெசிடெண்டுகளும் திவான்களும் மிஷனரிகளும் எழுதிய கடிதங்களின் வரலாறாகவே பலர் எழுதியிருக்கின்றனர். சந்தைக்குக் குப்பாயம் அணிந்து போனவள் யார்? கிழித்தெறியப்பட்ட பின்னும் மறுவாரம் இன்னொன்று தைத்து அணிந்து போனவள் யார்? அந்த இரண்டாம் குப்பாயமே இப்போராட்டத்தின் உயிர்நிலை என்பது என் துணிபு.

கிறிஸ்தவ வட்டத்திற்கு வெளியிலும் இதே வேட்கை வேறுருவில் எழுந்தது. சுவாமித்தோப்பில் ஐயா வைகுண்டர் சாதி பேதமின்றி ஒரே கிணற்றில் நீர் மொள்ளவும், ஒரே பந்தியில் அமர்ந்துண்ணவும், ஆடவர் தலைப்பாகை கட்டி நிற்கவும் செய்தார். துவையல் பந்தியென்னும் தவ வாழ்வில் குடும்பம் குடும்பமாகச் சேர்ந்தவர்களுள் பெண்களும் இருந்தனர். பொதுக் கிணறு என்பது, குடத்தை இடுப்பில் சுமப்பவளுக்கே முதலாவதாய்க் கிடைத்த நீதி.

இனி, வாங்கியவர்கள் கொடுப்பவர்களான கதை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வேதஸ்திரீகள் என்னும் வகுப்பார் தோன்றினர். பெரும்பாலும் கைம்பெண்கள், எழுதப் படிக்கக் கற்றவர்கள். கையில் புஸ்தகமும் குடையுமாக, வரப்பு வழியே நடந்து, ஆண்கள் வயலுக்குப் போன வேளையில் வீட்டுப் புறக்கடைகளில் அமர்ந்து, பெண்களுக்கு எழுத்துக் கற்பித்து, நோயாளிகளைக் கண்டு, சச்சரவுகளைத் தீர்த்தனர். இத்தகைய ஊழியங்களுக்குச் சபைப் பெண்கள் அளித்த காணிக்கை பிடியரிசி. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறு கலத்தில் இட்டு வைப்பதும், ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டு செல்வதும் அதன் முறை. கோயில் முற்றத்தில் காய்கறியும் வாழைக்குலையும் கோழியும் ஏலம் போகும் ஓசைக்கிடையே, அப்பிடியரிசியும் அளந்து பணமாக்கப்படும். கணவனின் பணப்பெட்டியைத் தொடும் அதிகாரமில்லாதவளுக்கும் அரிசிப் பானையின்மேல் அதிகாரமுண்டு. அவள் தன் ஆட்சிக்குட்பட்ட ஒரே ராஜ்யத்திலிருந்து தானம் செய்தாள். நிறைந்த வீட்டின் மிச்சமன்று அது; பல வீடுகளில், அவள் பங்குச் சோற்றிலிருந்தே அந்தப் பிடி குறைந்தது.

கடல் கடந்த ஓர் ஒப்புமை இங்கே என் நினைவில் நிற்கிறது. நம் மகாராஜாவின் விளம்பரம் பிறந்த அதே 1855ஆம் ஆண்டில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எலிசபெத் கெக்லி என்னும் கறுப்பினத் தையற்காரி, தமக்கும் தம் மகனுக்குமாக 1,200 டாலர் கொடுத்து விடுதலை வாங்கினார். அதற்கு முன், அவர் ஊசியின் உழைப்பில் உடையவர் வீட்டுப் பதினேழு பேர் உண்டதாக அவரே எழுதியிருக்கிறார். விடுதலைக்குப் புரவலப் பெண்கள் கடனாகத் தந்த பணத்தையும் தைத்தே அடைத்தார். வாஷிங்டனுக்குச் சென்று லிங்கனின் மனைவியாருக்கு ஆடை தைக்கும் நிலைக்கு உயர்ந்த பின், 1862இல், யுத்தத்தில் தப்பி வந்த அடிமைகளுக்காகத் தம் சபையாரைத் திரட்டி ஒரு நிவாரணச் சங்கம் நிறுவினார். அவருக்குப் பின் 1903இல் ரிச்மண்ட் நகரில் மேகி வாக்கர், துணி வெளுப்பவர்களின் சில்லறைக் காசுகளைச் சேர்த்து ஒரு வங்கியையே தொடங்கினார். அவர்கள் நாட்டு ஆராய்ச்சியாளர் இன்று அவ்வரிசையைக் கறுப்பினப் பெண்களின் கொடைத் தலைமை என்று பெருமையோடு எழுதுகின்றனர். கெக்லி தம் கதையைத் தாமே எழுதி 1868இல் அச்சிட்டார். நாகர்கோவில் சிறுமியருக்கு அந்தப் பேறு இல்லை. வேற்றுமை அவ்வளவே.

ரேந்தைத் தொழிலின் பிற்காலம் நெடிய கதை. 1897இல் முளகுமூட்டிற்கு வந்த பெல்ஜியக் கன்னியர் மரி லூயிஸ் டி மீஸ்டரின் மடத்திலும், பிற கத்தோலிக்க மடங்களிலும் பின்னலும் பூத்தையலும் அனாதைப் பெண்களின் பிழைப்பாயின. தொழில் பரவப் பரவ, பின்னுபவளுக்கும் அணிபவளுக்கும் இடையே தரகர் நுழைந்தனர். விடுதலை வாங்கித் தந்த கூலி, கண் பார்வை மங்கும்வரை குனிந்தாலும் அரைவயிற்றுக் கூலியாகச் சுருங்கிற்று. இதை மறைத்து எழுதினால் அது புகழ்ச்சியாகுமேயன்றிச் சரித்திரமாகாது. 1990களில் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்ற பெண்கள், அக்கல்வி முடிந்த பின்னும் கலையாமல், வாரந்தோறும் கூடிச் சேமித்துத் தமக்குள்ளே கடன் வழங்கும் குழுக்களாக இம்மாவட்டத்தில் திரண்டபோது, தரகரும் வட்டிக்காரருமில்லாத பணம் மீண்டும் பெண் கைக்கு வந்தது. அக்குழுக்களின் கணக்கு நோட்டில், பெயருக்கு நேரே தொகையும், தொகைக்கு நேரே கையெழுத்தும் உண்டு. எழுதுபவளின் சொந்தப் பெயர், அவள் தாய் இட்ட பெயர்.

மேற்கே விளவங்கோட்டுப் பக்கம், ரப்பர் தோட்டத்தின் ஓரத்து ஓட்டு வீடொன்றில், சென்ற மாதம் ஒரு மூதாட்டியார் சமையல் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரிசியைக் களைந்து வைத்தார்; உலை கொதித்தது. அடுப்பங்கரை மாடத்தில் இருந்த பழைய பால்மாவு டப்பாவைத் திறந்து, களையாமல் தனியே வைத்திருந்த ஒரு பிடியை அதிலிட்டு, மூடியை இறுக அழுத்தினார். அதன் பின்னரே உலையில் அரிசி விழுந்தது.